நல்லெண்ணெயின் இரண்டு கொம்புகள்: ஒரு பிராண்ட் வடிவமைப்பாளரை அமர்த்திய அனுபவம்

காங்கேயத்துக்கு அருகில் எங்கள் குடும்பம் மூன்று மரச்செக்குகளை ஓட்டுகிறது. வாகை மரத்தில் கடைந்த செக்கு, மாட்டுக்குப் பதிலாக மோட்டார், நிலக்கடலை, எள், தேங்காய்ப் பருப்பு என மூன்று சரக்கு. இவ்வளவுதான் எங்கள் தொழில். செக்கடிக்கு வருபவர்களின் தூக்குவாளியிலும் பழைய கேனிலும் எண்ணெயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்பது ஆண்டுகளில் எங்களுக்குச் சின்னம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை. திருப்பூரிலும் கோவையிலும் சில கடைக்காரர்கள் பாட்டிலில் அடைத்துத் தரக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், இனி வாங்குபவர் எங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை, பாட்டிலின் முகத்தைத்தான் பார்ப்பார் என்பது உறைத்தது. அதற்காகக் கோவையில் தனியாகப் பணிபுரியும் ஒரு பிராண்ட் வடிவமைப்பாளரை அமர்த்தினோம். ஆறு வாரம் என்று தொடங்கிய வேலை பதினொரு வாரத்தில் முடிந்தது, ரூ. 68,000 கொடுத்தோம். அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதையும், அவரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எங்கெங்கே முட்டிக்கொண்டோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் போனது வழக்கமாகப் பில் புத்தகம் அடிக்கும் பிரஸ்ஸுக்குத்தான். அங்கே டிடிபி பார்ப்பவர் நாற்பது நிமிடத்தில் ஒரு காளை, ஒரு செக்கு, பின்னால் உதிக்கும் சூரியன், மேலே ஒரு எண்ணெய்த் துளி என்று லேபிளை முடித்துக் காட்டினார். கேட்ட தொகை ரூ. 1,500. அந்தத் தொகைக்கு அது நியாயமான வேலை என்றே இப்போதும் சொல்வேன். அதே காளை அடுத்த வாரம் ஒரு தவிட்டு மூட்டையிலும், அதற்கடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்காரர் அட்டையிலும் நின்றதைப் பார்த்தேன். கணினியில் ஏற்கெனவே கிடக்கும் படத்தொகுப்பிலிருந்து எடுத்த காளை அது. யாருக்கும் சொந்தமில்லாத காளை எல்லாருடைய வண்டியிலும் பூட்டப்படுவதில் வியப்பில்லை. செக்கடியிலேயே விற்பவருக்கு இது போதும். பத்துப் பாட்டில்களுக்கு நடுவே ஒரு பாட்டிலாக நிற்க வேண்டியவருக்குப் போதாது.

அடுத்து, உலகெங்கும் உள்ள வடிவமைப்பாளர்கள் கடை விரித்திருக்கும் ஓர் இணையச் சந்தையில் ரூ. 2,800 செலவழித்தேன். இரண்டு நாளில் மூன்று சின்னங்கள் வந்தன. ஆங்கிலத்தில் எழுதிய பெயர் கண்ணுக்கு அழகாகவே இருந்தது. பக்கத்தில் ஓர் இலையும் இருந்தது. அந்த இலையைப் படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டுப் பார்த்தபோது, அது ஒரு சோப்புக் கடையிலும் ஒரு யோகா வகுப்பின் பலகையிலும் ஏற்கெனவே முளைத்திருந்தது தெரியவந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டேன், கிடைக்கவில்லை. கேன்வா போன்ற செயலியில் நாமே செய்துகொள்ளலாமே என்று என் தம்பி சொன்னான். செய்யலாம், ஆனால் அங்கே கிடைக்கும் ஆயத்தப் படங்கள் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடியவை, அவற்றை வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள அவர்களுடைய உரிம விதிகளே இடம் தருவதில்லை. பண்டிகை வாழ்த்துக்கும் விலைப்பட்டியலுக்கும் இன்றும் அந்தச் செயலியைத்தான் பயன்படுத்துகிறோம். சின்னத்துக்கு அது ஆகாது.

அதன் பிறகுதான் ஆளைத் தேடத் தொடங்கினோம். இந்தத் தேடலில் நான் பின்பற்றிய முறை ஒன்றே ஒன்று. எனக்குப் பிடித்த பொட்டலங்கள் கடையில் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பொட்டலத்தின் பின்னால் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, இதை வடிவமைத்தவர் யார் என்று கேட்பது. சிறு தொழில்காரர்கள் பெரும்பாலும் தயங்காமல் சொன்னார்கள். சொல்லும்போதே அவரிடம் எதில் ஏமாறக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். இன்ஸ்டாகிராமில் அழகாக அடுக்கிவைத்த படங்களைவிட இது பல மடங்கு பயன்பட்டது. அங்கே காணப்படும் பாட்டில்களில் பாதி, கணினியில் மட்டுமே பிறந்து, கணினியிலேயே வாழ்ந்து முடிபவை; ஒரு துளி எண்ணெய்கூட உள்ளே போனதில்லை.

ஐந்து பேர் தேறினார்கள். அவர்களில் நால்வர் கேட்ட தொகைகள் ரூ. 25,000 முதல் ரூ. 1,20,000 வரை பரவியிருந்தன. சென்னையில் உள்ள ஒரு நிறுவனம் மட்டும் மூன்றரை லட்சமும் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் கேட்டது. தொகை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பது முதலில் புரியவில்லை. ஒருவர் சின்னம் மட்டும் தருகிறார், ஒருவர் சின்னத்தோடு மூன்று லேபிளும் தருகிறார், இன்னொருவர் பெயரிடுவது முதல் அச்சகத்தில் உடன் நின்று சரிபார்ப்பது வரை தருகிறார் என்று வரிவரியாக எழுதி வாங்கிய பிறகுதான், ஒப்பிடவே முடியாத பொருள்களை ஒரே தராசில் வைத்துக்கொண்டிருந்தது விளங்கிற்று.

ஐவருக்கும் ஆளுக்கு ரூ. 1,000 அனுப்பி ஒரு சிறு வேலை கொடுத்தேன். இலவசமாக மாதிரி கேட்பது எனக்கு ஒப்பவில்லை. செக்கடிக்கு வந்து ஒரு லிட்டர் சும்மா ஊற்றுங்கள், பிடித்திருந்தால் அடுத்த மாதம் வாங்குகிறேன் என்று சொல்பவரை நாங்கள் எப்படிப் பார்ப்போமோ, அப்படித்தான் அவர்களும் பார்ப்பார்கள். வேலை இதுதான்: 'மரச்செக்கு நல்லெண்ணெய்' என்ற இரண்டு சொற்களைத் தமிழில், அச்சுக்குப் போகும் தரத்தில், ஒரு பிடிஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், படம் வேண்டாம், நிறம் வேண்டாம்.

இந்தச் சோதனையை நான் ஏன் வைத்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் லேபிள் அடிக்கும் எவருக்கும் இந்தத் தொல்லை வந்தே தீரும். நல்லெண்ணெய் என்ற சொல்லில் இரண்டு ஒற்றைக்கொம்புகள் உள்ளன. ஒன்று 'லெ'யில், மற்றொன்று 'ணெ'யில். யூனிகோடு முறையில் கணினி இந்த எழுத்துகளைச் சேமிக்கும்போது மெய்யை முதலிலும் கொம்பைப் பின்னாலும் வைத்துக்கொள்கிறது; திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னால் கொண்டுவருகிறது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படாமல் இருந்தால் இந்த இடமாற்றம் நடப்பதில்லை. அப்போது 'ணெ'யின் கொம்பு தன் ணகரத்தை விட்டுவிட்டு அடுத்து வரும் 'ய்'க்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். செக்கின் கொம்பு சகரத்தைக் கைவிட்டுக் ககரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். தெரிந்தவர் கண்ணுக்கு அந்த லேபிள் ஒரு விபத்து. பிரஸ்களில் இந்த விபத்து குறைவு, ஏனென்றால் அங்கே இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், கண்ணில் தெரியும் வரிசையிலேயே தட்டுகிறார்கள்; ஆனால் அதே வரியை எடுத்து வாட்ஸாப்பிலோ இணையதளத்திலோ ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக விழும்.

ஐவரில் இருவருடைய கோப்பில் கொம்பு இடம் மாறியிருந்தது. ஒருவர் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து அதையே பிடிஎஃப் ஆக்கியிருந்தார். பெரிதாக்கினால் எழுத்தின் ஓரம் படிப்படியாக உடைந்தது. சென்னை நிறுவனம் பிழையில்லாமல் அனுப்பியது. கோவைக்காரர் பிழையில்லாமல் அனுப்பியதோடு, மூன்று எழுத்துருக்களில் எழுதிக் காட்டி, அவை மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகத்துக்கு எடுத்துக்கொள்ளக் கட்டணமில்லை என்றும் குறித்திருந்தார்; அவற்றில் கேட்டமரனும் முக்த மலரும் இருந்தன என்று நினைவு. கூடவே ஒரு கேள்வியும் இருந்தது: "உங்கள் நல்லெண்ணெயில் கருப்பட்டி சேர்க்கிறீர்களா?"

அந்தக் கேள்விக்காகவே அவரை அமர்த்தினோம் என்றால் மிகையில்லை. எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது எங்கள் வழக்கம். சேர்க்கிறோம் என்றால் லேபிளின் சேர்மானப் பட்டியலில் அது வர வேண்டும், ஒரே பொருளால் ஆன உணவுக்கு மட்டுமே அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு என்று அவர் விளக்கினார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளை அவர் படித்திருந்தார். அதுவரை பேசிய எவரும் எங்கள் எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. எங்களுக்குப் பிடித்த நிறம் எது என்றுதான் கேட்டார்கள்.

வேலையைத் தொடங்கும் முன் அவர் ஒரு நாள் செக்கடிக்கு வந்தார். காலை எட்டு மணிக்கு வந்தவர் மதியம் வரை ஓரமாக ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து, வருகிறவர் என்ன கேட்கிறார், என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார் என்று குறிப்பெடுத்தார். நாங்கள் யோசித்து வைத்திருந்த பெயர், சுத்தம் என்ற சொல்லையும் செக்கு என்ற சொல்லையும் ஒட்டவைத்த ஒன்று. பொருளின் வகையையும் தரத்தையும் மட்டுமே சொல்லும் பெயரை 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி பதிவாளர் பொதுவாக ஏற்பதில்லை என்று சொல்லி, அந்தப் பெயரை மென்மையாகக் குப்பைக்கு அனுப்பினார். கடைசியில் எங்கள் அப்பாரு காலத்திலிருந்து தோட்டத்துக்கு வழங்கிவரும் பெயரையே வைத்தோம். வணிகச் சின்னப் பதிவகத்தின் பொதுத் தேடலில், சமையல் எண்ணெய் அடங்கும் 29ஆம் வகுப்பில் அதே ஓசையுள்ள பெயர் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தே தேடிக் காட்டினார். இந்தத் தேடலுக்குக் கட்டணம் இல்லை என்பதுகூட எனக்கு அதுவரை தெரியாது.

சின்னத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்து என் மனத்தில் தங்கிவிட்டது. நம் ஊரில் யாரும் 'பிராண்ட்' கேட்பதில்லை, 'மார்க்' கேட்கிறார்கள் என்றார். உண்மைதான். திண்டுக்கல் சேமியாவை அணில் படத்தை வைத்துக் கேட்ட தலைமுறை நம்முடையது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய குளிர்பான நிறுவனம் 'மார்க்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக் காளிமார்க் ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவரும் கடையில் வாயால் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு படம் இருந்தால் அது மார்க். இல்லையென்றால் அது வெறும் ஓவியம். ஆகவே இந்தப் படத்தை ஒரு பாட்டி கடையில் என்ன சொல்லிக் கேட்பார் என்பதே ஒவ்வொரு வரைவுக்கும் அவர் வைத்த கேள்வியாக இருந்தது.

முதற்கட்டத்தில் மூன்று வரைவுகள் வந்தன. வாகைப் பூ ஒன்று. அழகாக இருந்தது, ஆனால் எங்கள் ஊரிலேயே பலருக்கு அது வாகைப் பூ என்று தெரியவில்லை, பவுடர் பூசும் பஞ்சு என்றார்கள். இரண்டாவது, வெள்ளை லேபிளில் மெல்லிய எழுத்தில் பெயர் மட்டும். நகரத்துக் கடைகளில் இப்போது இதுதான் ஓடுகிறது என்பதால் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இருமலுக்குக் குடிக்கற மருந்தாட்டம் இருக்குதே கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தார். அதோடு அது போயிற்று. மூன்றாவது, செக்கை மேலிருந்து பார்த்தால் தெரியும் வடிவம்: உரலுக்கு ஒரு வட்டம், சாய்ந்த உலக்கைக்கு ஒரு கோடு. முதல் வரைவில் கோடு வட்டத்துக்குள்ளேயே அடங்கியிருந்ததால் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்ற பலகையின் சாயல் வந்தது. கோட்டின் மேல்முனையை வட்டத்துக்கு வெளியே நீட்டி, அடிமுனையைச் சற்றுத் தடிக்கவிட்டதும் உலக்கை ஆகிவிட்டது. இப்போது வெள்ளகோவில் கடையொன்றில் 'ஒலக்க மார்க்கு' என்று கேட்கிறார்களாம். வடிவமைப்பாளரிடம் இதைச் சொன்னபோது அவர் அடைந்த மகிழ்ச்சி, மீதிப் பணம் வந்தபோதுகூட அவர் முகத்தில் தெரியவில்லை.

லேபிள் வேலைதான் உண்மையான வேலை. சின்னத்துக்கு மூன்று வாரம் ஆனதென்றால் லேபிளுக்கு ஆறு வாரம் ஆயிற்று. பதினான்கு இலக்க உணவு உரிம எண், சைவக் குறியான பச்சைச் சதுரமும் உள்ளே பச்சை வட்டமும், ஊட்டச்சத்துப் பட்டியல், தொகுதி எண், தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, அரை லிட்டர் பாட்டிலில் அலகு விலை (ஒரு மில்லிக்கு எவ்வளவு என்பது), முகவரி, புகார் சொல்ல ஓர் எண் என்று எல்லாவற்றையும் உள்ளங்கை அகல இடத்தில் அடைக்க வேண்டும். எழுத்தின் உயரத்துக்கும் சைவக் குறியின் அளவுக்கும் விதி இருக்கிறது. எண்ணெய்க்கு லிட்டரோடு எடையையும் கிராமில் காட்ட வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் கடைசியில் ஓர் ஓரத்தில் திணிப்பதுதான் பொதுவான வழக்கம். இவர் முதலில் இந்தக் கட்டாய வரிகளுக்கெல்லாம் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய இடத்தில்தான் சின்னத்தை வைத்தார்.

ரூபாய்க் குறியீட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. 2010இல் நடைமுறைக்கு வந்த அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தவர். ஆனால் தேதியும் விலையும் அடிக்கும் இடத்தில் நாங்கள் பயன்படுத்திய பழைய தமிழ் எழுத்துருவில் அந்தக் குறி இல்லாமல், ஒவ்வொரு விலைக்கும் முன்னால் ஒரு வெற்றுப் பெட்டி விழுந்தது. 'ரூ.' என்று எழுத்தாலேயே போட்டு முடித்தோம்.

தேங்காய் எண்ணெய்க்கு ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து என்பது என் விருப்பம். வரைவு திரையில் கண்ணாடிபோல மின்னியது. அவர் ஒரு பாட்டிலை வாங்கிப்போய்க் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார்: எண்ணெய் வெள்ளையாக உறைந்து, எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், பெயரில்லாத பாட்டிலாக நின்றது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் அலமாரியில் இருக்கும் எங்கள் பாட்டில்கள் எல்லாம் ஊமையாகியிருக்கும். அடர்பச்சைப் பின்னணிக்கு மாறினோம். ஒன்பது ஆண்டுகள் தேங்காய் எண்ணெய் விற்றவனுக்கு இது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அதே கவனம் நிலக்கடலை எண்ணெயில் தவறிற்று. இந்தச் சேவையில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். சொரசொரப்பான, பூச்சில்லாத காகிதத்தில் லேபிள் அடித்தால் கையால் செய்த பொருளின் தோற்றம் வரும் என்று அவர் பரிந்துரைத்தார். பார்க்க உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டாயிரம் லேபிள் அடித்தோம். வாடிக்கையாளர் முதல்முறை ஊற்றிய பிறகு பாட்டிலின் கழுத்திலிருந்து ஒரு துளி வழிந்து காகிதத்தைத் தொட்டதும், தொட்ட இடம் வடைக்கு வைத்த செய்தித்தாள்போல ஊடுருவித் தெரியத் தொடங்கியது. ஒரு வாரத்தில் பாதி லேபிள் கண்ணாடி ஆயிற்று. ஒரு கடைக்காரர் பதினெட்டுப் பாட்டில்களைத் திருப்பி அனுப்பினார். எண்ணெய்ப் பாட்டிலுக்குக் காகிதம் ஆகாது, பிலிம் ஸ்டிக்கர்தான் நிற்கும் என்பது எங்கள் பிரஸ் அண்ணனுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே" என்றார் அவர். வடிவமைப்பாளர் தவற்றை ஒப்புக்கொண்டு கோப்பைப் புதிய பொருளுக்கேற்பக் கட்டணமின்றித் திருத்திக் கொடுத்தார். அச்சுச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் கேட்கவும் வழியில்லை. இருநூறு அடித்து, எண்ணெய் ஊற்றி, பத்து நாள் அடுப்படியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற வரி அடுத்த ஒப்பந்தத்தில் இருக்கும்.

ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் பதிப்புரிமையையும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்துவிட்டோம், ஆகவே சின்னம் நம்முடையது என்றுதான் நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தனியாகத் தொழில் நடத்தும் ஒருவர் வரைந்து தரும் சின்னத்தின் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். அவர் கையெழுத்திட்டு எழுத்து மூலம் மாற்றித் தந்தால்தான் நமக்கு வரும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுக்கு மட்டுமே மாற்றியதாகவும், இடம் குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டுமே மாற்றியதாகவும் 19ஆம் பிரிவு கொள்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மாமா ஒருவர் அங்கே விற்றுப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்ததால் இந்த இரண்டாவது வரி எனக்கு உறைத்தது. உரிமை முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் மாற்றப்படுகிறது என்று எழுதி, கடைசித் தவணை செலுத்தும் நாளில் இருவரும் கையெழுத்திட்டோம். ஐவரில் இந்தப் பேச்சைத் தாமாகவே எடுத்தவர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் மறைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

வணிகச் சின்னப் பதிவு அவருடைய வேலை அல்ல. அதை ஒரு முகவர் மூலம் செய்தோம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்பொன்றுக்கு ரூ. 4,500. பெயர் தமிழ் எழுத்தில் இருந்ததால் அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் சேர்த்துத் தர வேண்டியிருந்தது. பதிவு முடியும் வரை வட்டத்துக்குள் ஆர் என்ற குறியைப் போடக் கூடாது, பதிவாகாத சின்னத்தைப் பதிவானதாகக் காட்டுவது சட்டத்துக்குப் புறம்பு என்று சொல்லி, வணிகச் சின்னம் என்பதைக் குறிக்கும் டிஎம் என்ற எழுத்தை மட்டும் வடிவமைப்பாளர் லேபிளில் சிறிதாக வைத்தார். பக்கத்து ஊர் ஊறுகாய்க் கம்பெனியைப் பார்த்து நான் ஆர் போடச் சொல்லியிருந்தேன்.

ஒப்படைப்பு நாளில் வந்த கோப்புகளைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை, ஒன்றைத் தவிர. பல வண்ணத்தில் ஒன்று, ஒற்றை நிறத்தில் ஒன்று, ரப்பர் ஸ்டாம்புக்கு நடுக்கோடு தடித்த ஒன்று, வாட்ஸாப் முகப்புப் படம் வட்டமாக வெட்டப்படுவதால் அதற்கேற்ற ஒன்று, டாடா ஏஸ் வண்டியின் பக்கவாட்டுக்கு ஒன்று என்று பிரித்துப் பெயரிட்டுக் கொடுத்தார். சின்னத்தை எவ்வளவு சிறியதாக்கலாம், மஞ்சள் எந்தக் கலவையில் வர வேண்டும், எழுத்துருக்களின் பெயர் என்ன என்பவற்றை நான்கு பக்கத்தில், தமிழிலேயே எழுதித் தந்தார். நாற்பது பக்க ஆங்கில விதிப்புத்தகம் தந்திருந்தால் நாங்கள் ஒருவரும் திறந்திருக்க மாட்டோம். குறை என்னவென்றால், மூலக் கோப்பு புதிய இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இருந்தது. எங்கள் பிரஸ்ஸில் இருப்பதோ பழைய கோரல்டிரா. "இது நம்ம சிஸ்டத்துல ஓப்பன் ஆகாதுங்க, எழுத்தெல்லாம் கர்வ் பண்ணிப் பிடிஎஃப்பா வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றித் தருவதைத்தான் கர்வ் என்றார்கள். அதற்கு இரண்டு நாளும் நான்கு அழைப்புகளும் ஆயின.

தாமதத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து வாரத் தாமதத்தில் மூன்று வாரம் எங்களால் ஆனது. அம்மா, தம்பி, சித்தப்பா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறம் சொன்னதில் போயிற்று. இறுதி முடிவு சொல்பவர் ஒருவர்தான் என்று அவர் முதல் நாளே எழுதிக் கேட்டதை நாங்கள் மதிக்கவில்லை. மீதி இரண்டு வாரம், அவர் வேறொரு வேலையை நடுவில் ஏற்றுக்கொண்டு, அழைப்புகளை எடுக்காமல் இருந்ததால் ஆனது. தனியாகத் தொழில் செய்பவரை அமர்த்துவதில் உள்ள சிரமம் இது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் தொழிலுக்கும் காய்ச்சல் வரும். தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, முதல் தவணையை நாற்பது சதவீதத்தோடு நிறுத்தியதுதான் அந்த இரண்டு வாரத்தில் எனக்கிருந்த ஒரே தெம்பு.

ரூ. 68,000 தகுமா என்று என்னிடம் இதுவரை நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். மாதம் நூறு லிட்டர் செக்கடியிலேயே விற்பவர் இந்தப் பணத்தை எள் வாங்குவதில் போடட்டும். பிரஸ்ஸில் அடித்த காளை அவருக்குப் போதும். கடை அலமாரிக்குப் போகிறவர், அதுவும் தமிழில் பெயர் வைத்துப் போகிறவர், இந்த அளவு செலவுக்கு ஆயத்தமாக வேண்டும் என்றே கருதுகிறேன், ஏனென்றால் எங்களுக்குக் கிடைத்ததில் சின்னம் ஒரு பங்குதான். மீதி, லேபிளை ஆய்வாளர் கையில் எடுத்துப் பார்க்கும்போது நடுங்காமல் நிற்கும் நிலை. ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். அந்த ஒன்றைக் காகிதம் குடித்துவிட்டது.

அடுத்து 15 கிலோ டின்னுக்கு வடிவம் வேண்டும், ஓட்டல்களிலிருந்து கேட்கிறார்கள். அதே வடிவமைப்பாளரிடம்தான் கொடுத்திருக்கிறேன். தகரத்தில் இரண்டு நிறத்துக்கு மேல் போனால் செலவு கட்டுப்படியாகாது என்பதால், இந்த முறை முதல் கூட்டத்திலேயே டின் அச்சடிப்பவரையும் பிரஸ் அண்ணனையும் செக்கடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வரும் புதன்கிழமை காலை, எள் ஆட்டும் நாள்.